காப்பிக் கடையில் இசைத்தட்டு

தாண்டிக்குடிச் சரிவுகளில் மரநிழலில் காப்பி விளைகிறது. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இங்குண்டு. காப்பியை விளைச்சலாகவே பார்த்துப் பழகிய நமக்கு, காப்பி விற்றவர்கள் பாட்டும் விற்கப்போன வரலாறு சற்று விந்தையானது.

சியாட்டில் நகரத்து ஸ்டார்பக்ஸ், 1995இல் புளூநோட் நிறுவனத்தின் ஜாஸ் பதிவுகளைத் தொகுத்துத் தன் கடைகளில் விற்றது. ஒலிக்கும் பாடல் எதுவென்று காப்பி குடிக்க வந்தோர் கேட்டுக்கொண்டிருந்தனர். 1999இல் 'ஹியர் மியூசிக்' நிறுவனத்தை வாங்கியது. ரே சார்லஸ் பிறருடன் இணைந்து பாடிய தொகுப்பை 2004 ஆகஸ்டில் கான்கார்டுடன் சேர்ந்து வெளியிட்டது. அவரோ ஜூனிலேயே மறைந்திருந்தார். மறு ஆண்டு அத்தொகுப்புக்கு 8 கிராமி விருதுகள்!

இசைத்தட்டுக் கடைப்பக்கம் போவதையே விட்டுவிட்ட நடுவயதினரை அது எட்டியது என்பதே நம் கணிப்பு. நம்மூர்த் தேநீர்க் கடைகளும் இளையராஜாவை நாளெல்லாம் ஒலிக்கவிட்டன, விற்றதில்லை. பிடித்ததைப் பட்டியலெழுதி, ஒலிநாடாவில் பதிந்து தரும் கடையில் கொடுத்தோம். தேர்வு நம்முடையது. அங்கோ கல்லாவருகே அடுக்கிய சில தட்டுகளே தேர்வு. புதுக்குரலுக்கு அதில் இடம் குறைவு.

2007இல் தனி வெளியீட்டகம் தொடங்கியபோதும் முதலில் வந்தவர் பால் மெக்கார்ட்னி. அடுத்து ஜோனி மிட்செல். புகழ் முதிர்ந்தவர்களே. மறு ஆண்டே நிர்வாகம் கான்கார்டின் கைக்குப் போயிற்று. அதற்குள் பாட்டு இணையத்துக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது. 2015இல் ஸ்டார்பக்ஸ் குறுந்தகடு விற்பதை நிறுத்திவிட்டு, ஸ்பாட்டிஃபையோடு ஒப்பந்தம் செய்துகொண்டது.