குத்தூசி மருத்துவச் சிகிச்சை முறை

குத்தூசி மருத்துவம் அல்லது அக்குபங்சர் என்பது உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசிகளைச் செலுத்தி நோயைத் தணிக்க முயலும் மருத்துவ முறை ஆகும். இது சீனாவில் தோன்றியது. முதுகுவலி, மூட்டுவலி, தலைவலி போன்றவற்றுக்காக இது பெரிதும் நாடப்படுகிறது. முதன்முறையாக இச்சிகிச்சை பெறுபவர் எதிர்கொள்ளும் நடைமுறைகளும் கவனிக்க வேண்டியவையும் கீழே விளக்கப்படுகின்றன.

அடிப்படைக் கருத்து

மரபுவழிச் சீன மருத்துவத்தின்படி, "சீ" எனப்படும் உயிராற்றல் உடலில் சில ஓடைகளின் வழியே பாய்கிறது. அதில் ஏற்படும் தடையே நோயாகிறது. உலக சுகாதார நிறுவனம் தரப்படுத்திய பெயரிடலில் 14 ஓடைகளும் அவற்றில் அமைந்த 361 புள்ளிகளும் உள்ளன. நவீன உடற்கூற்றியலில் இவ்வோடைகளுக்கு இணையான அமைப்பு எதுவும் கண்டறியப்படவில்லை. ஊசி நரம்புகளைத் தூண்டுவதால் வலியைத் தணிக்கும் எண்டார்பின் முதலிய பொருட்கள் உடலில் சுரக்கின்றன என்பது அறிவியலாளர் முன்வைக்கும் விளக்கங்களுள் ஒன்றாகும்.

முதல் சந்திப்பு

முதல் சந்திப்பின் பெரும்பகுதி வினவலிலும் சோதனையிலும் கழிகிறது. எனவே அது பிந்தைய சந்திப்புகளைவிட நீண்டதாக இருக்கும். நோயின் தன்மையுடன் உறக்கம், பசி, மலம், சிறுநீர், மாதவிடாய் ஆகியவை பற்றியும் சிகிச்சையாளர் கேட்பார். நாவின் நிறமும் படிவும் பார்க்கப்படும். இரு மணிக்கட்டுகளிலும் மூன்று விரல்களை வைத்து நாடி பார்க்கப்படும். இது சித்த மருத்துவ நாடிச் சோதனையைப் போலத் தோன்றினாலும் வேறுபட்டது. சித்த மருத்துவர் வாதம், பித்தம், கபம் ஆகியவற்றை அறிகிறார். சீன முறையில் ஒவ்வோர் இடமும் ஓர் உள்ளுறுப்புடன் தொடர்புபடுத்தப்படுகிறது.

நோயாளி தாமாகவே தெரிவிக்க வேண்டியவை:

- கருவுற்றிருத்தல் அல்லது அதற்கான வாய்ப்பு
- இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்ளுதல், இரத்தக் கசிவு நோய்
- இதயமுடுக்கி பொருத்தப்பட்டிருத்தல் (ஊசிகளில் மின்தூண்டல் தருவது தவிர்க்கப்பட வேண்டும்)
- வலிப்பு நோய், ஊசியைக் கண்டால் மயங்கும் இயல்பு
- உட்கொள்ளும் அனைத்து மருந்துகளும்

ஊசி செலுத்துதல்

பயன்படும் ஊசிகள் உட்குழல் அற்றவை, பெரும்பாலும் 0.16 முதல் 0.30 மி.மீ. வரை தடிப்புள்ளவை. மருந்து செலுத்தும் ஊசிகளைவிட இவை மிகவும் மெல்லியவை. நோயாளி படுத்த நிலையிலோ சாய்ந்த நிலையிலோ இருப்பார். ஊசிகளின் எண்ணிக்கை சிகிச்சையாளரைப் பொறுத்து வேறுபடும். வலி உள்ள இடத்திலிருந்து தொலைவிலும் ஊசி செலுத்தப்படலாம்; தலைவலிக்குக் கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள புள்ளி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

ஊசி நுழையும்போது சிறு குத்தல் உணரப்படும். பின்னர் மரமரப்பு, கனம் அல்லது மந்தமான வலி தோன்றலாம். சீன மருத்துவம் இதை ஆற்றல் வந்தடைந்ததன் அறிகுறியாகக் கொள்கிறது. கூர்மையான வலி இருப்பின் உடனே கூற வேண்டும். ஊசிகள் பொதுவாக 15 முதல் 30 நிமிடங்கள் வரை விடப்படும். சிலர் மூலிகையைக் கொளுத்திச் சூடேற்றுதல், குவளை ஒட்டுதல் ஆகியவற்றையும் சேர்த்துச் செய்வர்.

பின்விளைவுகளும் பாதுகாப்பும்

சிறு இரத்தக் கசிவு, தோல் கன்றுதல், சோர்வு, தலைசுற்றல் ஆகியவை ஏற்படக்கூடும். வெறும் வயிற்றுடன் செல்லாதிருப்பது மயக்கத்தைத் தவிர்க்க உதவும். மார்பில் ஆழமாகச் செலுத்தப்பட்ட ஊசி நுரையீரல் உறையில் துளையிடுவது அரிது, எனினும் ஆபத்தானது. சிகிச்சைக்குப்பின் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தூய்மையற்ற ஊசியால் கல்லீரல் அழற்சி போன்ற தொற்றுகள் பரவலாம். எனவே ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியின் உறை நோயாளியின் முன்னிலையில் பிரிக்கப்படுவது நன்று. 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய ஊசிகள் துளைபடாத வெண்ணிறக் கொள்கலனில் இடப்பட வேண்டும்.

பயன் பற்றிய ஆய்வுகள்

செருமனியில் நாட்பட்ட கீழ் முதுகுவலி உள்ள 1162 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. குத்தூசிச் சிகிச்சை பெற்றோரில் 47.6 விழுக்காட்டினர் பயனடைந்தனர். புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசியிடப்பட்டோரில் இது 44.2 விழுக்காடு, வழக்கமான மருத்துவம் பெற்றோரில் 27.4 விழுக்காடு. அதாவது பலருக்கு வலி தணிந்தது. ஆனால் ஊசியிடப்பட்ட இடம் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலியைக் குறைப்பதிலும் பயன் இருப்பதாக 2016ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு கூறுகிறது.

நீரிழிவு, காசநோய், புற்றுநோய் போன்றவற்றைக் குத்தூசி குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. இன்சுலின், காசநோய் மருந்து, வலிப்பு மருந்து ஆகியவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்தாக முடியலாம். சிகிச்சையாளர் கூறினாலும், மருந்து எழுதிய மருத்துவரைக் கேளாமல் இவற்றை நிறுத்தக் கூடாது.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

1938இல் சீனாவுக்குச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில் துவாரகநாத் கோட்னிசுடன் இடம்பெற்ற பி. கே. பாசு, பின்னர் இம்முறையைக் கொல்கத்தாவில் அறிமுகப்படுத்தினார். மேற்கு வங்கம் 1996இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. உரிய பயிற்சி பெற்றோர் இதைச் செய்யலாம் என நடுவண் அரசு 2003இல் அறிவித்தது. 2019இல் இதைத் தனியொரு சிகிச்சை முறையாக ஏற்றது.

தமிழ்நாட்டில் இயற்கை மருத்துவம், யோகா அறிவியல் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தில் குத்தூசி மருத்துவமும் இடம்பெறுகிறது. சென்னை அரும்பாக்கத்தில் இப்படிப்புக்கான அரசுக் கல்லூரி உள்ளது. இவற்றுக்கு வெளியே, குறுகியகாலப் பயிற்சி மட்டும் பெற்றுச் சிகிச்சை அளிப்போரும் உள்ளனர். சிலர் ஒரே ஊசியை மட்டும் பயன்படுத்துவர். சிலர் ஊசியின்றிப் புள்ளியை விரலால் தொடுவதோடு நிறுத்திக்கொள்வர். ஆகவே நத்தம் போன்ற சிற்றூராயினும் பெருநகராயினும், சிகிச்சையாளரின் படிப்பு, பதிவு, சிகிச்சைக்குத் தேவையான சந்திப்புகளின் எண்ணிக்கை, கட்டணம் ஆகியவற்றை முதல் நாளிலேயே கேட்டறிவது நோயாளியின் உரிமையாகும். சில சந்திப்புகளுக்குப் பின்னும் மாற்றம் இல்லையெனில், சிகிச்சையைத் தொடர்வது பற்றி மீண்டும் ஆராய வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

- சித்த மருத்துவம்
- இயற்கை மருத்துவம்
- வர்மக்கலை