சேலத்து அருணாசலம் அடிச்ச வேட்டைக் கத்தி

பத்தொன்பதாம் நூற்றாண்டுல நம்ம காடுகள்ல வேட்டைக்குப் போன வெள்ளைக்கார அதிகாரிங்க இடுப்புல சொருகியிருந்த கத்தி சிலதுல ‘அர்னாசெல்லம், சேலம்’னு இங்கிலீஷ் எழுத்து அடிச்சிருக்கும். அருணாசலம்ங்கற பேருதான் அவங்க வாயில அப்படி ஆயிடுச்சு. கத்திக்குப் பேர்போன ஷெஃபீல்டு அவங்க ஊர்லயே இருக்கு. அங்கேருந்து கப்பல்ல வரவழைக்க வசதி உள்ளவங்க சேலத்துல ஒரு பட்டறையைத் தேடிப் போய் வாங்கினாங்கன்னா சும்மா இல்லைங்க. வேட்டைக் கத்தி மட்டுமில்ல, காட்டுப்பன்னி குத்தற ஈட்டிமுனையும் அவர் பட்டறையிலிருந்து போயிருக்கு.

வேட்டைக் கத்திக்கு வேலை கடினம். அடிபட்ட மிருகத்தை முடிக்கணும், தோல் உரிக்கணும், மூட்டு பிரிக்கணும். எலும்புல பட்டா வாய் மடங்கவும் கூடாது, பொடியவும் கூடாது. இந்த ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரி. இரும்பை ரொம்பக் கெட்டியாக்கினா கண்ணாடி மாதிரி உடையும். இளக்கமா விட்டா நாலு வெட்டுல மழுங்கிடும்.

அந்த நடுப்பக்குவத்தைப் பிடிக்கிறதுதான் ஆசாரியோட வித்தை. அருவா அடிக்கிறதைப் பக்கத்துல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும். உலையில பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால உருவம் கொண்டு வர்றது உடம்பு வேலை. கடைசியில வாய்ப் பக்கத்தை மட்டும் தண்ணியில முக்கி எடுக்கிறாரே, அது கண்ணு வேலை. அப்ப அது முழுக் கெட்டி. திரும்ப லேசா சூடு ஏத்தும்போது இரும்பு மேல முதல்ல வெளிர் மஞ்சள் ஓடும், அப்புறம் பழுப்பு, அப்புறம் ஊதா, நீலம். எந்த நிறத்துல நிறுத்தணுமோ அங்க நிறுத்திடணும். கொஞ்சம் அசந்தா கத்தி வீண். வெப்பமானி எதுவும் கிடையாது. வெயில்ல நிறம் சரியாத் தெரியாதுன்னுதான் பட்டறையை இருட்டாவே வச்சிருப்பாங்க. ஊருக்குள்ள சிலர் அதை அழுக்குன்னு நினைச்சாங்க.

சேலத்துக்கு இன்னொரு பலம் கஞ்சமலை இரும்புக்கல். அந்தப் பக்கத்துல கல்லை உருக்கி இரும்பு எடுத்தாங்க, அதையே மறுபடி மண் மூசையில வச்சு எஃகாக்கினாங்க. ஒரு மூசைக்குக் கால் கிலோவுலேருந்து ஒரு கிலோ வரைக்கும் இரும்புத் துண்டு, அதோட நறுக்கின ஆவாரங்குச்சி, மேல ரெண்டு எருக்க இலை. வாயைக் களிமண்ணால பூசி அடைச்சு, இருபதுக்கு மேல மூசைகளை உலையில அடுக்கி, ரெண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவாங்க. நாம ஆட்டுக்குக் கூடப் போடாத ஆவாரையும் எருக்கும்தான் இரும்புக்குள்ள கரியை ஏத்துச்சு. இதைத்தான் வெள்ளைக்காரங்க ‘ஊட்ஸ்’னாங்க. 1795லயே லண்டன்ல ஜார்ஜ் பியர்சன் இதை ஆராய்ஞ்சு ராயல் சொசைட்டியில கட்டுரை படிச்சார். மின்சாரத்துக்குப் பேர்போன ஃபாரடே கூட ஸ்டோடார்ட்ங்கற கத்திக்காரரோட சேர்ந்து இதுல மண்டையை உடைச்சுக்கிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. ஜோசையா ஹீத்ங்கற கம்பெனி ஆள் 1830கள்ல பரங்கிப்பேட்டையில பெரிய உலை போட்டார். சேலத்துக் கல்லு அங்க போச்சு. அதுவும் நிலைக்கலை. இங்கிலாந்திலேருந்து மலிவு இரும்பு வந்து இறங்கிச்சு. 1882ல மதராஸ் வனச் சட்டம் வந்து காட்டுல மரம் வெட்டிக் கரி சுடறதும் கட்டுப்பாட்டுக்குள்ள போச்சு. கரி இல்லாம உலை ஏது? ஆசாரி கை மறந்து அந்தத் தொழில் சாகலைங்கறது என் எண்ணம். விறகும் விலையும் சேர்ந்து கொன்னுச்சு. 1980கள்ல சேலத்துல உருக்காலை வந்துச்சு, நல்ல விஷயம்தான். ஆனா அது உருட்டறது ஸ்டெயின்லெஸ் தகடு.

வேட்டைக் கத்தியை நம்பி இருந்தது துரைங்கதான். 1947ல அவங்க போனாங்க. 1972 வனவிலங்குச் சட்டத்தோட வேட்டையும் போச்சு. அது போனதுல எனக்கு வருத்தமில்ல. அருவா மட்டும் தப்பிச்சது, ஏன்னா அது வாங்கறவன் இங்கயே இருந்தான். 1959 ஆயுதச் சட்டத்தை ஒட்டின விதிகளும் 9 அங்குல நீளத்துக்கோ 2 அங்குல அகலத்துக்கோ மேல போற கத்திகளை ஆயுதம்னு சேர்த்து, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செஞ்சதுக்கு விலக்குக் கொடுக்குது.

பள்ளிக்கரணையைச் சுத்தி நடவும் அறுப்பும் இருந்த வரைக்கும் கருக்கருவாளுக்குப் பல்லு வெட்ட ஆசாரிகளுக்கு ஓயாத வேலை. இப்ப அவங்க அடிக்கிறது பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில. நல்ல எஃகுதான், குறை சொல்ல மாட்டேன். அருணாசலம் பேர் போட்ட கத்தி இன்னைக்கும் வெளிநாட்டு ஏலத்துல விலை போகுது. எங்க அருவாள்ல எந்த ஆசாரியும் பேர் அடிச்சதில்லை. கைப்பிடிக்குப் பக்கத்துல ரெண்டு கோடு, ஒரு புள்ளி. அதைப் பார்த்தாலே யார் அடிச்சதுன்னு எங்க அப்பா சொல்லிடுவார்.