எண்பத்து மூன்று முன்சீப் பணியிடங்கள்

அரசுப் பணிக்கு ஆள் தேர்வது நிர்வாகத்தின் சிறு வேலை போலத் தோன்றும். ஆயின் கோப்பில் கையெழுத்திடுபவர் எச்சமூகத்தவர் என்ற வினாவில் அதிகாரத்தின் வரலாறே அடங்கியிருக்கிறது. சென்னை மாகாணம் இதற்குத் தக்க சான்று.

கச்சேரி வேலைகள் நெடுங்காலம் மேலதிகாரிகளின் விருப்பப்படியே நிரப்பப்பட்டு வந்தன. உறவும் பரிந்துரையுமே பலருக்குத் தகுதிச் சான்றாயின. 1924இல் பனகல் அரசரின் நீதிக்கட்சி அமைச்சரவை பணியாளர் தேர்வுக் குழு ஒன்றை ஏற்படுத்திற்று. 1929இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி அது தேர்வாணையமாக உயர்ந்தது. தலைவர் உட்பட மூவரைக் கொண்ட அவ்வமைப்பே மாகாண அளவில் இந்தியாவின் முதல் தேர்வாணையம். இன்றைய தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் அதன் வழிவந்தது.

அதே காலத்தில் வகுப்புவாரி ஆணையும் நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு இடங்களுக்கு ஒரு சுழற்சி: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர், முஸ்லிம்கள், ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர் ஆகியோருக்குத் தலா 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. 1947இல் சுழற்சி 14 இடங்களாக மாற்றப்பட்டு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கெனத் தனியே 2 இடங்கள் வகுக்கப்பட்டன. ஆணையம் ஒரு கையில் மதிப்பெண் பட்டியலையும் மறுகையில் சுழற்சிப் பட்டியலையும் ஏந்தி நின்றது.

இவ்விரண்டும் மோதிய இடம் ஒன்றுண்டு. 1949 டிசம்பரில் மாவட்ட முன்சீப் பணிக்கு ஆணையம் விண்ணப்பங்கள் கோரியது. இடங்கள் 83. அவை அரிசனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறித்தவருக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணருக்கு 11 எனப் பகுக்கப்பட்டன. விண்ணப்பித்தும் தேர்வு பெறாத வெங்கடரமணா என்ற பிராமணர் உச்ச நீதிமன்றத்தை நாடினார்.

தீர்ப்பு 1951 ஏப்ரல் 9 அன்று வந்தது. கல்லூரிச் சேர்க்கை பற்றிய செண்பகம் துரைராஜன் வழக்கின் தீர்ப்பும் அன்றுதான். அதன் விளைவாக எழுந்த முதல் அரசியலமைப்புத் திருத்தத்தை நாம் மறக்கவில்லை. வெங்கடரமணா வழக்கையோ ஏறக்குறைய மறந்தேவிட்டோம். வகுப்புச் சுழற்சி செல்லாது என்ற நீதிமன்றம், அரிசனங்களுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடம் ஒதுக்குவதை 16(4)ஆம் கூறின்படி ஏற்றுக்கொண்டது. ஆக, அரசுப் பணியைப் பொறுத்தவரை ஒதுக்கீட்டுக்கு அரசியலமைப்பில் முன்பே இடமிருந்தது. கல்விக்குத்தான் புதிதாக 15(4) தேவைப்பட்டது.

இதில் ஆணையத்தின் எல்லையும் புலப்படுகிறது. ஒதுக்கீட்டை எவ்வாறு செய்வது என்பதில் அதனைக் கலந்தாலோசிக்க வேண்டியதில்லை என 320(4)ஆம் கூறு தெளிவாகவே சொல்கிறது. விகிதத்தை முடிவு செய்வது அரசியல். அவ்விகிதத்திற்குள் கைநீட்டாமல், பரிந்துரைக்குச் செவிசாய்க்காமல் அளந்து தருவது ஆணையம். அளவுகோலைப் பற்றி நாம் எத்தனை வழக்கிட்டாலும் தகும். அளப்பவர் மீதே ஐயம் எழுமாயின், 1924க்கு முந்தைய கச்சேரிக்கே நாம் திரும்பியிருப்போம்.