கூலியும் குடிக்கூலியும்: 18ஆம் நூற்றாண்டு லண்டனில் பதினெட்டுப் பென்ஸ் அறை

ராபர்ட் ஆலன் 2001இல் வெளியிட்ட ஐரோப்பிய நகரக் கூலி, விலை ஒப்பீட்டிலும், அதைப் பிரிட்டானியத் தொழிற்புரட்சியின் காரணமாக்கி 2009இல் எழுதிய நூலிலும் லண்டனுக்குத் தனி இடம் உண்டு. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் நாட்கூலிக்காரர் ஒருவர், தன் குடும்பம் உயிர்வாழத் தேவையானதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு சம்பாதித்தார் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கின் கூலிப்பகுதி பலமுறை அலசப்பட்டுவிட்டது. நான் சொல்ல வருவது வகுக்கும் எண்ணைப் பற்றி, அதிலும் அதன் ஓரத்தில் யாரும் கவனிக்காமல் கிடக்கும் ஓர் உருப்படியைப் பற்றி: வீட்டு வாடகை.

வகுக்கும் எண்ணாக ஆலன் வைக்கும் நுகர்வுக் கூடை இரண்டு வகை. ஒன்று ஓட்ஸ், கொஞ்சம் பயறு, ஆண்டுக்கு 5 கிலோ இறைச்சி என்ற உயிர்ப்பிழைப்புக் கூடை. மற்றது ரொட்டி, பாலாடைக்கட்டி, 52 முட்டை, 182 லிட்டர் பியர் அடங்கிய மதிப்பான கூடை. சோப்பு, மெழுகுவர்த்தி, துணி, விறகு அல்லது நிலக்கரி என ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு, அந்தந்த நகரத்து விலையும் உண்டு. கூரைக்கு மட்டும் இரண்டும் இல்லை. மொத்தச் செலவில் 5 விழுக்காடு என்று ஒரு சேர்மானம், அவ்வளவே. லண்டன், மிலான், டெல்லி, பெய்ஜிங் எல்லாவற்றுக்கும் ஒரே 5 விழுக்காடு.

இது எவ்வளவு சிறிய தொகை என்பது பென்ஸில் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். அக்காலக் கட்டடக் கணக்குகளில் லண்டன் சிற்றாளுக்கு எழுதப்பட்ட கூலி நாளுக்கு 20 முதல் 24 பென்ஸ். குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஆலன் வைக்கும் 250 வேலைநாளுக்கு 5,000 பென்ஸ், அதாவது 20 பவுண்டு 16 ஷில்லிங் 8 பென்ஸ். இது கூடையின் விலையைப்போல் நான்கு மடங்கு என்றால் கூடையின் விலை 1,250 பென்ஸ். அதில் வாடகைக்கு விழுவது ஆண்டுக்குச் சுமார் 60 பென்ஸ், வாரத்துக்கு ஒரு பென்னியும் சில்லறையும். மதிப்பான கூடைக்கு மாறி, அது ஆண்டுக் கூலி முழுவதையும் விழுங்கிவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், 5 விழுக்காடு 250 பென்ஸைத் தாண்டாது. வாரத்துக்கு ஐந்து பென்ஸ்கூட இல்லை. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகளுக்கு லண்டனில் அந்த விலைக்கு அறை கிடைத்ததா?

இதற்கு விடை தேட ஆவணக் காப்பகம் போக வேண்டியதில்லை. எல்லோரும் படித்த இரண்டு நூல்கள் போதும். ஒன்று பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தன்வரலாறு. 1724 டிசம்பரில் லண்டன் வந்து சேர்ந்த பதினெட்டு வயது அச்சுத் தொழிலாளி, நண்பர் ரால்ஃபுடன் லிட்டில் பிரிட்டன் தெருவில் வாரம் 3 ஷில்லிங் 6 பென்ஸுக்கு அறை எடுக்கிறார். அவர்கள் கைக்கு எட்டியது அதுதான். இருவர் பகிர்ந்தால் தலைக்கு 21 பென்ஸ். பின்னர் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அருகிலுள்ள வாட்ஸ் அச்சகத்தில் வேலை கிடைத்ததும், தூரம் தாளாமல் டியூக் தெருவுக்குக் குடிபோகிறார். அங்கும் அதே 3 ஷில்லிங் 6 பென்ஸ், இம்முறை ஒருவருக்கு. வீட்டுக்கார அம்மாள் வயதான விதவை. ஆண்துணை ஒன்று வீட்டில் இருக்குமே என்பதற்காகக் குறைத்துக் கொடுத்த விலையாம் அது.

இந்த இடத்தில்தான் எனக்கு வேண்டிய வரி வருகிறது. அச்சகத்துக்கு இன்னும் அருகில் வாரம் 2 ஷில்லிங்குக்கு ஓர் அறை இருப்பதாக ஃபிராங்க்ளின் பேச்சுவாக்கில் சொல்ல, அம்மாள் உடனே 2 ஷில்லிங்கைக் குறைத்துவிடுகிறார். அதன்பின் லண்டனை விட்டுக் கிளம்பும்வரை ஃபிராங்க்ளின் கொடுத்தது வாரம் 1 ஷில்லிங் 6 பென்ஸ். ஒரே அறைக்கு ஒரே ஆண்டில் 42, 18 என இரண்டு விலை. இடையே வெளிச்சந்தையின் 24. வாடகை வரிசை தொகுப்பவர் இந்த மூன்றில் எதை எழுதிக்கொள்வார்?

இரண்டாவது நூல் பாஸ்வெல் 1791இல் வெளியிட்ட ஜான்சன் வாழ்க்கை வரலாறு. 1737இல் லண்டன் புறப்பட்ட ஜான்சனுக்கு, பர்மிங்காமில் பழக்கமான ஐரிஷ் ஓவியர் ஒருவர் ஆண்டுக்கு 30 பவுண்டில் மானம் கெடாமல் லண்டனில் வாழும் வழியைச் சொல்லியிருந்தார். உடைக்கும் உள்ளாடைக்கும் 10 பவுண்டு. கூரையடி அறை வாரம் 18 பென்ஸ். எங்கே தங்கியிருக்கிறாய் என்று யாரும் துருவிக் கேட்கப்போவதில்லை. காப்பிக்கடையில் தினம் 3 பென்ஸ் செலவழித்தால் நல்ல மனிதர்கள் நடுவே சில மணி நேரம் உட்காரலாம். மதியச் சாப்பாடு 6 பென்ஸ், காலையில் ரொட்டியும் பாலும் ஒரு பென்னி, இரவுச் சாப்பாடு கிடையாது. துவைத்த சட்டை போடும் நாளில்தான் பிறர் வீட்டுக்குப் போவது.

ஆலனின் 5 விழுக்காடு ஒரு குடும்பத்தின் வார வாடகைக்கு ஒதுக்குவது, இந்த ஓவியர் ஒரு வேளை ரொட்டிக்கும் பாலுக்கும் ஒதுக்கியதை.

அகப்பட்ட இரண்டு சான்றிலும் 18 பென்ஸ் வருவது வசீகரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றுமையை நான் நம்பவில்லை. ஃபிராங்க்ளின் கொடுத்தது சலுகை வாடகை; ஓவியர் சொன்னது கூரையடி அறையின் சந்தை வாடகை. அதோடு இரண்டும் நினைவிலிருந்து எழுதியவை. ஃபிராங்க்ளின் அந்தப் பகுதியை எழுதியது 1771இல், ஏறத்தாழ 45 ஆண்டு கழித்து. ஓவியரின் அறிவுரை ஜான்சன் சொல்லக் கேட்டு பாஸ்வெல் எழுதியது. ஓவியர் லண்டனில் இருந்த ஆண்டுகள் குறிக்கப்படவில்லை. 1737க்கு முன் என்பதற்குமேல் நெருங்க முடியாது. போதாததற்கு ஜான்சன் அவருக்கு ஒஃபெல்லஸ் என்று பெயர் வைத்திருந்தார். ஹொரேஸின் அங்கதப் பாட்டில் வரும் சிக்கனக்கார உழவனின் பெயர் அது. இலக்கிய மாதிரியைப் பார்த்து எண்கள் மெருகேறியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானதே.

எனவே எண்களைக் கூட்டிப் பார்த்தேன். ஓவியரின் அறை ஆண்டுக்கு 936 பென்ஸ். அன்றாடச் செலவு 10 பென்ஸ் வீதம் 3,650. இரண்டும் சேர்ந்து 19 பவுண்டு 2 ஷில்லிங் 2 பென்ஸ். உடைக்கான 10 பவுண்டைச் சேர்த்தால் 30 பவுண்டில் மிஞ்சுவது 17 ஷில்லிங் 10 பென்ஸ். மெழுகுவர்த்திக்கும் சலவைக்கும் சரியாக இருக்கும். ஃபிராங்க்ளினும் இப்படியே தேறுகிறார். அச்சகத்தில் கூட வேலை செய்தவர் நாளுக்கு ஆறு பைண்ட் பியர் குடித்தார் என்கிறார். பைண்ட் விலை ஒன்றரைப் பென்னி என்பது வேறொரு செய்தியின் நடுவே, கஞ்சியின் விலையைச் சொல்லும்போது வருகிறது. சனிக்கிழமை இரவு அந்த ஆள் கூலியிலிருந்து கட்டிய தொகை நாலைந்து ஷில்லிங் என்பது இன்னோரிடத்தில். பெருக்கினால் வாரம் ஆறு நாளுக்கு 54 பென்ஸ், அதாவது நாலரை ஷில்லிங். ஃபிராங்க்ளின் கணக்கில் கெட்டிக்காரர், பின்னோக்கிப் பெருக்கி எழுதியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் மறுக்க என்னிடம் சான்றில்லை. ஆனால் தனித்தனியே சிதறிக் கிடக்கும் மூன்று எண்களைப் பொருத்தி வைப்பதால் அவருக்கு என்ன லாபம்? (ஆலனின் மதிப்பான கூடையில் நாளுக்கு அரை லிட்டர் பியர். இந்த அச்சுத் தொழிலாளி குடித்தது மூன்று லிட்டருக்கு மேல்.)

ஆக, 18 பென்ஸை ஒண்டிக்கட்டைக்கான அடிமட்ட வாடகையாகவும், 24ஐ ஓரளவு வசதியான அறைக்கானதாகவும் கொள்வது மிகையாகாது. டோரதி ஜார்ஜ் 1925ஆம் ஆண்டு நூலில் காட்டியபடி, லண்டன் கைவினைஞர் குடும்பங்களில் பல ஒற்றை அறையில்தான் வாழ்ந்தன. நம் சொல்லில் ஒண்டுக்குடித்தனம். குடும்பத்தையும் அந்த 18 பென்ஸ் அறையிலேயே அடைத்தால்கூட ஆண்டுக் கூலியான 5,000 பென்ஸில் 936 போய்விடுகிறது. ஏறத்தாழ 19 விழுக்காடு. அறை 24 பென்ஸ் என்றால் கூலியில் கால்வாசி. ஆலனின் உயிர்ப்பிழைப்புக் கூடையிலிருந்து 60 பென்ஸை எடுத்துவிட்டு 936ஐ வைத்தால் கூடை 2,126 பென்ஸ் ஆகிறது. நான்கு மடங்கு என்பது 2.35 மடங்காக இறங்குகிறது.

ஆலன் தரப்பில் சொல்லக்கூடியதையும் சொல்லிவிட வேண்டும். உயிர்ப்பிழைப்புக் கூடை எந்த நகரத்தின் வாழ்க்கையையும் வரைந்து காட்ட எழுந்ததல்ல. கண்டம் விட்டுக் கண்டம் ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும், கிடைக்காத வாடகைத் தரவுக்காக ஒப்பீட்டையே கைவிட முடியாது. 2017இல் வறுமைக்கோட்டைப் பற்றி எழுதியபோது அவரே குடியிருப்பை இடத்தின் பரப்பை வைத்துத் தனியே கணக்கிட்டார். மற்ற நகரங்களுக்கும் உண்மையான வாடகையைச் சேர்த்தால் அவற்றின் மடங்கும் இறங்கும். எல்லாம் சரி. ஆனால் ஒரே அளவில் இறங்குமா? 1600இல் சுமார் 2 லட்சமாக இருந்த லண்டன் மக்கள்தொகை 1700இல் 5,75,000 என்பது ரிக்லியின் மதிப்பீடு. இங்கிலாந்தில் பத்தில் ஒருவர் அங்கே. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கப்பலிலும் வண்டியிலும் வந்து சேரும், நிலம் வராது. தலைநகரத்தின் விலையேற்றம் எந்தப் பண்டத்தில் அதிகம் தங்குமோ, அந்தப் பண்டத்தைத்தான் 5 விழுக்காடு தட்டையாக்கிவிடுகிறது.

கூலிப் பக்கத்தில் ஜூடி ஸ்டீஃபன்சன் 2018இல் எழுப்பிய மறுப்பு இதனோடு சேர்த்து வாசிக்க வேண்டியது. கில்பாய் முதலான ஆய்வாளர்கள் கட்டடக் கணக்குகளிலிருந்து திரட்டிய நாட்கூலி, ஒப்பந்த மேஸ்திரிகள் பட்டியலில் எழுதிய தொகை. தொழிலாளி கையில் விழுந்தது 20 முதல் 30 விழுக்காடு குறைவு என்பது அவர் வாதம். செயின்ட் பால் பேராலயத்தின் தென்மேற்குக் கோபுரத்தைக் கட்டிய வில்லியம் கெம்ப்ஸ்டரின் நாட்கணக்கை வைத்து, 250 நாள் என்பதும் பலருக்குக் கிடைக்காத வேலை என்று காட்டினார். (1666 தீக்குப் பின் அந்தப் பேராலயம் எழுந்தது நிலக்கரி மீதான வரியில். கூடையின் ஓர் உருப்படிக்கு விதித்த வரி, கூலியின் ஆவணத்தை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறது.) ஆலன் 2019இல் பதில் எழுதினார், தன் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்டீஃபன்சனும் விடவில்லை.

இருவரும் ஒரே எண்ணைப் பற்றிச் சண்டையிடுவதாகத் தோன்றினாலும் எண்கள் இரண்டு. இயந்திரம் புகுத்த முதலாளிக்குத் தூண்டுதலாக இருந்தது கூலி உயர்வே என்பது ஆலனின் கொள்கை. அதற்கு வேண்டியது வேலைக்கு ஆன செலவு. மேஸ்திரியின் கழிவும் அந்தச் செலவில் அடக்கம்தான். தொழிலாளி எப்படி வாழ்ந்தார் என்பதற்கு வேண்டியதோ கையில் விழுந்ததிலிருந்து கூரைக்குக் கொடுத்தது போக மிஞ்சியது. ஒரே வரிசை இரண்டு வேலையும் செய்கிறது. நாளுக்கு 16 பென்ஸ்தான் கையில் விழுந்தது என்றால் 936 பென்ஸ் வாடகை ஆண்டு வருமானத்தில் 23 விழுக்காடு. உயர்ந்த கூலி என்று நாம் சொல்லிவந்ததில் ஒரு பங்கு மேஸ்திரியிடமும் ஒரு பங்கு வீட்டுக்காரரிடமும் போய்ச் சேர்ந்தது. தமிழில் வாடகைக்குக் குடிக்கூலி என்றே பெயர். கூலி, கூலியைத் தின்றது.

பிரசன்னன் பார்த்தசாரதி 1998இல் தென்னிந்திய நெசவாளர் கூலியைப் பிரிட்டனோடு ஒப்பிட்டு, தானியத்தில் அளந்தால் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று வாதிட்டபோதும் வாடகை முன்னுக்கு வரவில்லை. வந்திருந்தால் அவர் வாதம் வலுத்திருக்கும் என்றே நினைக்கிறேன்; நம் நெசவாளருக்குத் தறிக்குழி இருந்த இடமும் உறங்கிய இடமும் ஒன்று. எனினும் அவசரப்பட முடியாது. லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளரும் வீட்டிலேயே தறி போட்டவர்கள். அவர்கள் கொடுத்த வாடகையில் எவ்வளவு குடும்பத்துக்கு, எவ்வளவு தறிக்கு? பிரிக்க எனக்கு வழி தெரியவில்லை.

கிரெகரி கிளார்க் 2002இல் அறநிலையச் சொத்துகளின் ஆவணங்களிலிருந்து நீண்ட வாடகை வரிசை ஒன்றைத் திரட்டினார். அது வீட்டின் வாடகையைச் சொல்லும். அந்த வீட்டை எடுத்தவர் மாடிமாடியாகவும் அறையறையாகவும் உள்வாடகைக்கு விட்டபோது வாங்கிய தொகை அதில் ஏறாது. டியூக் தெரு அம்மாளின் 18 பென்ஸ் எந்த வரிசையிலும் ஏறாது. அவர் விலையைக் குறைத்தது ஃபிராங்க்ளினின் பேச்சுத் துணைக்காக. இருவருக்கும் இரவுச் சாப்பாடு ஆளுக்கு அரை நெத்திலி, வெண்ணெய் தடவிய மெல்லிய ரொட்டித் துண்டு, நடுவில் அரைப் பைண்ட் ஏல். அதே வீட்டின் கூரையடியில் எழுபது வயதுக் கத்தோலிக்க மூதாட்டி ஒருவர் தன் சொத்தையெல்லாம் தருமத்துக்கு எழுதிவிட்டு, ஆண்டுக்கு 12 பவுண்டு மட்டும் வைத்துக்கொண்டு, கஞ்சி குடித்து, அதிலும் மிச்சம்பிடித்துத் தானம் செய்துவந்தார். லண்டனில் 12 பவுண்டில் வாழ முடிந்தது என்பதற்கு இதை எடுத்துக்காட்டாக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவர் அங்கே இருப்பதே பாக்கியம் என்று கருதி, அந்த வீட்டில் அடுத்தடுத்துக் குடிவந்த கத்தோலிக்கர்கள் யாரும் அவரிடம் வாடகை வாங்கவில்லை.