தீயில் பிறந்த வெள்ளக் காப்பீடு

கோமுகி அணையின் மொத்த உயரம் 46 அடி. கல்வராயன் மலையில் ஒரு ராத்திரி மழை வலுத்தால் போதும், ஓடைகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு அணைக்கு வந்துவிடும். தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்றால் கரையோர மக்களுக்கு ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வரும். எங்கள் கச்சிராயபாளையத்துப் பெண்களுக்கு அப்போது செய்ய வேண்டியது தெரியும். பட்டா, ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் போடுவார்கள். நெல் மூட்டையைக் கட்டிலில் ஏற்றுவார்கள். மெயின் சுவிட்சை அணைத்து, ஆடுமாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுவார்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் எங்கள் மாவட்டத்தையே நனைத்தபோது, எங்கள் தெருவில் ஓர் அக்கா வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பிளைவுட் பீரோவின் அடிப்பலகை ஊறி, ஊத்தப்பம் போல உப்பி, கதவு மூடவே இல்லை. நாலைந்து மாதம் கழித்து வீட்டுக் கடன் பைலை எடுத்துக் காட்டினார். உள்ளே ஒரு காப்பீட்டுப் பத்திரம். “தம்பி, ‘பயர்’னு போட்டிருக்கே, இது நெருப்புக்குத்தானே? நம்ம வீட்டுக்கு வந்தது தண்ணியாச்சே” என்றார். அந்தத் தாளின் நாலாவது வரியில் வெள்ளமும் இருந்தது. அவர் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. அந்த மனக்குறைதான் என்னை இதை எழுத வைத்தது.

வெள்ளத்துக்கான காப்பீடு ஏன் நெருப்பின் பெயரில் இருக்கிறது? அதன் பிறப்பு அப்படி. 1666 செப்டம்பர் 2 அன்று லண்டனில் ஒரு ரொட்டிக் கடையில் பற்றிய தீ நாலு நாள் எரிந்து, சுமார் 13,000 வீடுகளைத் தின்றது. எரிந்த ஊரைத் திரும்பக் கட்டியவர்களில் நிக்கோலஸ் பார்பன் ஒருவர். படிப்பால் மருத்துவர், தொழிலால் கட்டடக்காரர். 1680களின் தொடக்கத்தில் வீடுகளுக்குத் தீக் காப்பீட்டு அலுவலகம் திறந்தார். செங்கல் வீட்டுக்கு ஒரு கட்டணம், மர வீட்டுக்கு அதைப்போல இரண்டு மடங்கு. வீட்டுக்குக் காப்பீடு என்ற தொழில் அங்கிருந்துதான் வளர்ந்தது. புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் பின்னால் அந்தப் பத்திரத்திலேயே வந்து ஒட்டிக்கொண்டன.

இந்தியாவிலும் அதே வழிதான். தீப் பாலிசியில் புயல், வெள்ளம் ஒரு பிரிவாக இருந்தன. பிரீமியம் குறைய வேண்டும் என்று அந்தப் பிரிவை நீக்கிக்கொள்ளவும் இடம் இருந்தது. அதைவிடக் கொடுமையான விதி ஒன்றும் இருந்தது. 20 லட்சம் பெறும் வீட்டை 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 2 லட்சம் சேதம் ஆனால் 1 லட்சம்தான் தருவார்கள். பாதிக்குத்தானே காப்பீடு செய்தாய், பாதியை வாங்கிக்கொள் என்று கணக்கு.

2021 ஏப்ரல் 1 முதல் இது மாறியது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ‘பாரத் கிருக ரக்ஷா’ என்று வீடுகளுக்கு ஒரே மாதிரிப் பத்திரம் கொண்டுவந்தது. வெள்ளம் அதில் அடிப்படையாகவே உண்டு. அந்தப் பாதிக் கணக்கு நீக்கப்பட்டது: 2 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம். கட்டடத்தைக் காப்பீடு செய்தாலே, அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகச் சேரும். நகைக்குத் தனியாகக் கேட்க வேண்டும். மனையின் விலை இதில் சேராது. திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு.

பெஞ்சலுக்குப் பிறகு அரசு பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு 2,000 ரூபாயும், சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாயும் அறிவித்தது. அந்த நேரத்துக்கு அது பெரிய கைகொடுப்பு. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே தொகை. ஊறிப்போன பீரோவையும் நின்றுபோன பிரிட்ஜையும் எண்ணிப் பார்த்துத் தருவது அல்ல.

அக்கா இந்த வருடம் ஐப்பசி பிறக்கும் முன்பே பத்திரத்தைப் புதுப்பித்துவிட்டார். சமையலறையில் ஆரம்பித்து மாட்டுக்கொட்டகை வரை ஒவ்வொரு சாமானையும் மகன் செல்போனில் போட்டோ எடுத்து வைத்திருக்கிறான். நனைந்ததைப் படம் எடுக்காமல் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, சேதத்தை மதிப்பிட வருகிறவர் பார்க்க வேண்டும் என்பதும் இப்போது அவருக்குத் தெரியும். பரணில் இருக்கும் பிளாஸ்டிக் பைக்குள் பட்டாவோடு அந்தத் தாளும் போயிருக்கிறது. அதன் மேல் பேனாவால் பெரிதாகத் தமிழில் எழுதியிருக்கிறார்: “தண்ணிக்கும் உண்டு.”