கொட்டியாரக் குடாவும் கருஞ்சிறுத்தையும்

திருகோணமலைத் துறைமுகம் என்றவுடன் கப்பல்களும், கோட்டையும், கோணேசர் மலையும் நினைவுக்கு வருதல் இயல்பு. காட்டு விலங்கு எவர் நினைவிலும் எழுவதில்லை. ஆயினும், இலங்கைக் காட்டின் தலைமை விலங்காகிய சிறுத்தையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுந்த பழைய குறிப்புகளுள் ஒன்று இத்துறைமுகப் பகுதியோடு நெருங்கிய தொடர்புடையது.

1659-ஆம் ஆண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையில் வீசிய புயலில் 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் தன் பாய்மரத்தை இழந்தது. அதைச் செப்பனிடும் பொருட்டு அக்கப்பல் மூதூரை அடுத்த கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. 1660-இல் கப்பல் தலைவரும், அவர் மகன் இராபர்ட் நொக்ஸும், மாலுமிகள் சிலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டனர். தந்தை சில மாதங்களில் நோயுற்று இறந்தார். மகனோ ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679-இல் அருவியாற்றங்கரைக் காட்டின் வழியே தப்பிச்சென்று, மன்னாரை அடுத்த அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681-இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூலில், கரும்புலியொன்று பிடிக்கப்பட்டு மன்னனிடம் கொண்டுவரப்பட்ட செய்தி காணப்படுகின்றது. பால் போன்ற வெண்மான் ஒன்றும் அரண்மனைக்கு வந்ததாம். அவ்விரண்டையும் மன்னன் பெரிதும் போற்றினான் என்கிறார் நொக்ஸ்.

நொக்ஸ் புலி என்று எழுதினாரேனும், இலங்கைக் காட்டில் அன்று புலி இல்லை. இரத்தினபுரிப் பகுதியில் கிடைத்த எலும்புப் படிவங்கள், மிகப் பழங்காலத்தில் புலியும் அரிமாவும் இத்தீவில் வாழ்ந்தன எனக் கருத இடந்தருகின்றன. ஆனால் வரலாற்றுக் காலத்தில் இங்கு எஞ்சிய பெரும்பூனை சிறுத்தை ஒன்றே. ஆகவே, நொக்ஸ் குறித்தது கருஞ்சிறுத்தையாகவே இருத்தல் வேண்டும். கருஞ்சிறுத்தை தனி இனமன்று. பிறப்பில் தாய்வழியும் தந்தைவழியும் ஒரு பண்பு ஒருங்கே வந்து சேரும்போது தோலில் கருமை மிகுகின்றது. நல்ல வெயிலில் உற்று நோக்கினால், அக்கருமையினூடே வழக்கமான புள்ளிகள் புலப்படும்.

நொக்ஸுக்குப் பின் இரு நூற்றாண்டுகள் கழிந்தும் இவ்விலங்கைப் பற்றிய அறிவு பெரிதும் வளரவில்லை. பெயரிலேயே குழப்பம் நிலவிற்று. இலங்கையில் வாழ்ந்த ஆங்கிலேயர் பலர் சிறுத்தையைச் சிவிங்கிக்குரிய பெயரால் அழைத்து வந்தனர். சிவிங்கியோ இத்தீவில் இல்லாத வேறொரு விலங்கு. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861-இல் வெளியிட்ட இலங்கை விலங்கியல் நூலில் இக்குழப்பத்தை எடுத்துக்காட்டினார். அம்மை நோயின் வாடை சிறுத்தையை ஈர்க்கும் என்று மக்களிடையே நிலவிய நம்பிக்கையையும் அவர் பதிவுசெய்தார். அச்சம் மிகுந்த இடத்தில் அறிவு குறைவாகவே இருந்தது எனலாம்.

அக்காலத்தில் சிறுத்தையைக் கண்டோருட் பலர் அதனைத் துப்பாக்கியின் முனையிலேயே கண்டனர். வேட்டையாடியோர் எழுதிய நூல்கள் அது எவ்வாறு இறந்தது என்பதை விரித்துரைத்தன. எவ்வாறு வாழ்ந்தது என்பதைச் சிறிதே கூறின. மக்களின் அச்சத்திற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. மட்டக்களப்பு நெடுஞ்சாலையில் உள்ள புனானையில், குறைந்தது பன்னிரண்டு உயிர்களைக் கொன்றதாகக் கூறப்படும் சிறுத்தையை 1924-இல் ஷெல்ற்றன் ஏகார் என்பவர் சுட்டு வீழ்த்தினார். பாடம் செய்யப்பட்ட அதன் உடல் கொழும்பு அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. எனினும், இலங்கைச் சிறுத்தை மனிதனை இரையாகக் கொள்வது மிக மிக அரிது. புனானை நிகழ்ச்சி நூறாண்டு கடந்தும் பேசப்படுவதற்கு அவ்வருமையே காரணம்.

துப்பாக்கிக்குப் பதிலாகக் கண்ணைப் பயன்படுத்தும் காலம் மெல்ல மெல்லப் பிறந்தது. தென்னாபிரிக்காவில் 1898-இல் சாபி ஒதுக்குக்காடு அமைந்து, 1926-இல் குரூகர் தேசியப் பூங்காவாக விரிந்தது. அங்கும் முதற்கண் மானினங்களைக் காக்கும் எண்ணத்தில் அரிமாவும் சிறுத்தையும் சுடப்பட்டன. இலங்கையில் 1937-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டில் யாலவும் வில்பத்தும் தேசியப் பூங்காக்களாயின. 1949-இல் வனசீவராசிகள் திணைக்களம் நிறுவப்பட்டது. 1956-இல் அறிஞர் தெரணியகல இலங்கைச் சிறுத்தையைத் தனியொரு கிளையினமாக வகுத்து, சிங்களச் சொல்லையே சேர்த்து அதற்குக் 'கொட்டியா' எனப் பெயரிட்டார்.

பூங்காக்களில் வண்டியில் அமர்ந்து பொறுமையோடு நோக்கியவர்களுக்குச் சிறுத்தை தன் வாழ்வை ஒருவாறு திறந்துகாட்டிற்று. அது தனித்து வாழும் இயல்பினது. ஓர் ஆண் சிறுத்தையின் எல்லைக்குள் பெண் சிறுத்தைகள் சிலவற்றின் எல்லைகள் அடங்கும். மரத்தில் நகத்தால் கீறியும், புதர்களில் மணத்தை விடுத்தும், மரம் அறுக்கும் வாளின் ஓசை போன்ற குரலெழுப்பியும் அது தன் இருப்பை அறிவிக்கும். குட்டிகள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டிற்கு மேலும் தாயைச் சார்ந்திருக்கும். ஒவ்வொரு சிறுத்தையின் புள்ளிக் கோலமும் வேறு வேறாதலின், மனிதரைக் கைரேகையால் அறிதல் போல அவற்றையும் தனித்தனியே அடையாளம் காணலாம். தன்னைத் துன்புறுத்தாத வண்டியை அது நாளடைவில் பொருட்படுத்துவதில்லை என்பது தென்னாபிரிக்காவின் லொண்டொலோசிக் காட்டில் 1970-களின் இறுதி தொட்டு நன்கு விளங்கிற்று.

ஈண்டு ஓர் ஒப்புமை அறியத்தக்கது. ஆபிரிக்கச் சிறுத்தை தான் கொன்ற மானை மரத்தின் மீது ஏற்றி வைப்பதைச் சுற்றுலாச் செல்வோர் பலர் கண்டிருக்கின்றனர். அரிமாவும் கழுதைப்புலியும் இரையைப் பறித்துக்கொள்ளும் என்னும் அச்சமே அதற்குப் பெருங்காரணம். இலங்கையிலோ சிறுத்தையை மிஞ்சிய ஊனுண்ணி வேறில்லை. ஆதலால் இங்கு அது இரையைப் பெரும்பாலும் நிலத்திலேயே வைத்து உண்கின்றது. மரத்தில் ஏற்றுவது அரிது. ஒரே விலங்கு, தன்னைச் சூழ்ந்த பகைக்கு ஏற்ப ஒழுக்கத்தை மாற்றிக்கொள்கின்றது. கொல்லப்பட்ட உடலைக் கொண்டு இவ்வுண்மையை எவரும் அறிந்திருக்க இயலாது.

இவ்வறிவு வளர்ந்துவந்த காலத்திலேயே இலங்கையில் போர் மூண்டது. வில்பத்துப் பூங்கா மூடப்பட்டு, 2003-இல் திறக்கப்பட்டு, மறுபடியும் மூடப்பட்டு, போர் முடிந்தபின் 2010-இல் மீண்டும் திறக்கப்பட்டது. திருகோணமலை, பொலன்னறுவை மாவட்டங்களில் பரந்துள்ள சோமாவதிப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டபோதும், அந்நாளில் அமைதியாக அமர்ந்து விலங்கை நோக்குதல் எளிதாக இருக்கவில்லை. திருகோணமலை நகரிலோ இன்றும் புள்ளிமான் கூட்டங்கள் கோட்டைப் பகுதியிலும் தெருக்களிலும் மனிதரிடையே அச்சமின்றி உலவுகின்றன. வறண்ட காட்டில் சிறுத்தையின் முதன்மையான இரை இப்புள்ளிமானே. இங்கு மான் அனைவர் கண்ணிலும் படுகின்றது. அதனை இரையாகக் கொள்ளும் விலங்கோ உட்காட்டில் மறைந்தே வாழ்கின்றது.

நொக்ஸ் எழுதிய கருஞ்சிறுத்தை கட்டுக்கதையன்று என்பதைப் பின்னைய காலம் உறுதிசெய்தது. 2019-ஆம் ஆண்டு மலைநாட்டில் உயிருள்ள கருஞ்சிறுத்தையொன்று தானியங்கி ஒளிப்படக் கருவியில் பதிவாயிற்று. ஆனால், 2020 மே மாதத்தில் நல்லதண்ணியை அடுத்த தேயிலைத் தோட்டப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. உயிரோடு மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டும், சில நாட்களில் அது மாண்டது. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைக்கப்படுபவை. தன் பயிரைக் காக்க எண்ணும் ஏழை உழவனின் இடுக்கணையும், இறைச்சி விற்போரின் ஆசையையும் அச்சிறு கம்பி ஒருங்கே தாங்கி நிற்கின்றது. அகப்படுவது பன்றியா, சிறுத்தையா என்பதைக் கம்பி அறியாது.

வளர்ந்த இலங்கைச் சிறுத்தைகளின் எண்ணிக்கை ஆயிரத்திற்கும் குறைவு என்பதே இக்கால அறிஞர் மதிப்பீடு. யாலவில் ஒரு சிறுத்தையைக் காண வண்டிகள் பல நெருக்கியடித்து நிற்பதும் ஒருவகைத் துன்புறுத்தலே. காண்பதற்கு ஆர்வம் மட்டும் போதாது. தொலைவில் நின்று, ஓசையடங்கிக் காத்திருக்கும் பண்பாடும் வேண்டும். அன்று கண்டி மன்னன் கருஞ்சிறுத்தையை அரண்மனைக்குக் கொணர்வித்துப் போற்றினான். இன்று அதனைப் போற்றும் வழி, அதன் காட்டை அதற்கே விட்டுவைத்து, அங்கே கம்பிச் சுருக்கு விழாமற் காப்பதாகும்.