கேமரன் மலைத் தமிழர் குடும்ப வரலாறுகள்

1885இல் நில அளவை மேற்கொண்ட வில்லியம் கேமரனின் பெயர் பகாங் மாநிலத்து மலைநிலம் ஒன்றுக்கு நிலைத்துவிட்டது. 1929இல் அங்குப் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவிய ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸலின் பெயரும் நூல்களில் இடம்பெற்றுள்ளது. காட்டைத் திருத்தித் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்த தமிழர்களின் வரலாற்றை எங்கே தேடுவது? இவ்வுரையில் நாம் எடுத்துக்கொண்ட வினா இதுவே.

தோட்டத்து ஏடுகள் ஆளின் பெயரையும் வேலைநாளையும் கூலியையும் காட்டும். எவ்வூரினின்று, என்ன காரணத்தால், யாரைப் பிரிந்து வந்தார் என்பது குடும்பத்தாரின் பேச்சில் மட்டுமே வாழ்கிறது. அப்பேச்சின் ஒவ்வொரு சொல்லும் ஒரு சான்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் மேற்பார்வையாளரைக் குறித்த 'கண்காணி' என்னும் சொல்லே, மலாயாவுக்கு ஆள் திரட்டி வந்து வேலை வாங்கிய 'கங்காணி' ஆயிற்று. விடியற்காலையில் தொழிலாளரை நிறுத்திப் பெயர் படித்த இடம் 'பெரட்டுக்களம்'. படை அணிவகுப்புக்குரிய ஆங்கிலச் சொல்லே 'பெரட்டு' எனத் திரிந்தது. ஊர் அறிந்தவனின் அதிகாரமும் படைமுகாமின் ஒழுங்கும் ஒரே மனிதர்மீது கவிந்திருந்ததை இவ்விரு சொற்களும் உணர்த்துகின்றன.

காலக் கணக்கையும் நாம் மறத்தலாகாது. 1930 முதல் 1932 வரை நீடித்த பொருளியல் வீழ்ச்சியில் பல்லாயிரம் தொழிலாளர் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938இல் உடலுழைப்புத் தொழிலாளரை உதவியளித்து அனுப்புவதை இந்திய அரசு தடைசெய்தது; கங்காணி வழி அத்துடன் அடைபட்டது. அவ்வாண்டில் ஐந்து வயதுக் குழந்தையாகக் கப்பலேறியவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்போருள் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். லயத்து வாசலில் மாலைதோறும் நிகழ்ந்த பேச்சும் அவர்களோடு கலைந்தது.

எழுதாமற்போனால் நேர்வது என்ன என்பதற்குச் சயாம்–பர்மா இரயில் பாதை சான்றாகும். 1942, 1943 ஆண்டுகளில் அமைக்கப்பட்ட ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளப் பாதையில், மலாயாத் தோட்டங்களினின்று கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினராக மாண்டனர். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தமிழருள் மிகப் பலருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. 'தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பவில்லை' என்னும் ஒரு தொடரே பல வீடுகளில் எஞ்சிய ஆவணம்.

இவ்விடத்தில் நம் பிழையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன்னர், கேமரன் மலைத் தோட்டமொன்றில் உறவுப்பெயர்களைத் திரட்டச் சென்றோம். தாயின் தமக்கையை எவ்வாறு அழைப்பீர்கள் என்று ஒரு மூதாட்டியை வினவினோம். "பெரியம்மான்னுதான் கூப்பிடணும். கூப்பிடத்தான் ஆள் இல்லையே ஐயா, அவங்க ஊர்லயே நின்னுட்டாங்க, எங்கம்மா மட்டும் கப்பல் ஏறிட்டாங்க" என்று அவர் தொடங்கினார். நாம் 'பெரியம்மா' என்று குறித்துக்கொண்டு, ஒலிநாடா வீணாகுமே என்று பதிவை நிறுத்தினோம். அச்சொல் எந்த அகராதியிலும் கிடைக்கும். அவர் சொல்ல வந்தது இனி எங்கும் கிடைக்காது. பின்னாளில் அவருடைய பேத்தி, பாட்டியின் பேச்சு ஏதேனும் உண்டா என்று கேட்டபோது, நம்மிடம் இருந்தவை சில உறவுப்பெயர்களே.

முன்மாதிரிகள் நமக்கு இல்லாமலில்லை. முத்தம்மாள் பழனிசாமி தம் குடும்பத்தின் கதையை 'நாடு விட்டு நாடு' என்னும் நூலாக்கினார். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலைப் படைத்தார். சிங்கப்பூர் 1979இலேயே வாய்மொழி வரலாற்றுக்கெனத் தனிப் பிரிவு அமைத்தது.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி உள்ளது. 'உங்கள் வரலாற்றைச் சொல்லுங்கள்' என்றால் முதியோர் தயங்குவர். குலதெய்வம் எது, கப்பலில் என்ன உண்டனர், முதற்கூலியில் என்ன வாங்கினர் என்று கேட்டால் பேச்சு தானே விரியும். இடைமறித்தல் கூடாது. அவர்தம் வழக்கைச் செந்தமிழாகத் திருத்துதலும் கூடாது. நாள், இடம், பேசியவர் பெயர் ஆகியவற்றைக் குறித்து, அவர் இசைவுடன் ஒரு படியை நூலகத்திலும் சேர்த்தல் வேண்டும். அவர் பேச்சை முடிக்கும்வரை கருவியை நிறுத்தாதிருத்தல் அனைத்தினும் முதன்மையானது.